தவிர்க்கத் தவிர்க்க வளரும் பயம்: இன்றைய சிபிடி ஓர் அறிமுகம்

சிபிடி என்றால் ‘நெகட்டிவாக நினைக்காதே, பாசிட்டிவாக நினை’ என்று சொல்லிக்கொடுக்கும் சிகிச்சை என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்கு அந்த அறிவுரை வீட்டிலும் வெளியிலும் ஏற்கெனவே நூறு முறை கிடைத்திருக்கும். அதையே காசு கொடுத்து இன்னொரு முறை கேட்க எதற்குப் போக வேண்டும் என்று அவர் சிகிச்சையையே ஒதுக்கிவிடுகிறார். அது பெரிய இழப்பு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கிறது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதோடு நிற்காமல், அந்த நினைப்பிலிருந்து தப்பிக்க அவர் என்னென்ன செய்கிறார் என்பதை இன்றைய சிபிடி உன்னிப்பாகப் பார்க்கிறது. இந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடிப்படை மிக எளிது. மாலை 6 மணிக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு செய்தி வருகிறது: ‘நாளைக் காலை என்னை வந்து பாருங்கள்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஒருவருக்கு ‘புது வேலை ஏதோ கொடுக்கப் போகிறார்’ என்று தோன்றுகிறது. போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். இன்னொருவருக்கு ‘வேலை போச்சு’ என்று தோன்றுகிறது. வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை. வந்த செய்தி ஒன்றுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்களே, அதுதான் இது. நடந்ததற்கும் நாம் உணர்வதற்கும் நடுவில், நடந்ததற்கு நாம் கொடுக்கும் அர்த்தம் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். இரண்டாமவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பத் திறந்து படிக்கிறார். கூட வேலை செய்பவர்களிடம் ‘உங்களுக்கு ஏதாவது தெரியுமா’ என்று விசாரிக்கிறார். காலையில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடுகிறார். லீவு போட்ட நிமிடம் பெரிய நிம்மதி. சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. மேலதிகாரி எதற்குக் கூப்பிட்டார் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியப்போவதில்லை. ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்பது மட்டும் மனதில் பதிகிறது. அடுத்த முறை இதே பயம் இன்னும் சீக்கிரமாக வரும். தவிர்ப்பது கடன் வாங்குவது மாதிரி: கைக்கு உடனே பணம் வந்துவிடும், வட்டி பின்னாலேயே வரும்.

சூழல், எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செயல் ஆகிய ஐந்தும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சுற்றும் இந்த வட்டத்தை, முதல் சில சந்திப்புகளிலேயே சிகிச்சையாளர் உங்களோடு சேர்ந்து ஒரு தாளில் வரைவார். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்து, உங்கள் வார்த்தைகளிலேயே வரைவார். எங்கே கைவைத்தால் இந்தச் சுழற்சி உடையும் என்பதுதான் அடுத்த கேள்வி. சிபிடியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்.

எங்கிருந்து வந்தது

முதலில் வந்தது நடத்தைப் பக்கம். முயலைக் கண்டு அலறிய மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்தபடியே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கிய மேரி கவர் ஜோன்ஸின் ஆய்வு 1924-இல் வெளிவந்தது. 1950-களில் ஜோசப் வோல்ப் இதே வழியைப் பெரியவர்களுக்கு ஒழுங்கான சிகிச்சையாக வடிவமைத்தார். அதே பத்தாண்டில் ஆல்பர்ட் எல்லிஸ், மனிதர்களை வாட்டுவது அவர்கள் பிடித்துவைத்திருக்கும் ‘இப்படித்தான் இருந்தாக வேண்டும்’ என்ற கறாரான நம்பிக்கைகள் என்று சொல்லி, அவற்றோடு நேருக்கு நேர் வாதாடும் முறையைத் தொடங்கினார்.

ஆரோன் பெக் வந்தது 1960-களில். மனதின் ஆழத்தில் புதைந்திருப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அவர். மனச்சோர்வில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் மனதுக்குள் இன்னொரு ஓட்டம் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தார். ‘நான் இவருக்குப் போரடிக்கிறேன்’, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது மாதிரியான சின்னச் சின்ன வாக்கியங்கள். கூப்பிடாமல் வந்து, சரிபார்க்கப்படாமலேயே உண்மை போல நின்றுவிடும் எண்ணங்கள். அவற்றைப் பிடித்து, ‘இதற்கு என்ன ஆதாரம், வேறு விதமாகப் பார்க்க முடியுமா’ என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து விசாரிப்பதுதான் பெக்கின் வழி. 1977-இல் இந்தச் சிகிச்சையை இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தபோதுதான், பேச்சு வழியான ஒரு சிகிச்சை மருந்துக்கு ஈடுகொடுக்க முடியும் என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். பெக் 2021-இல் தமது 100-வது வயதில் காலமானார்.

1996-இல் எழுந்த கேள்வி

என் பார்வையில் சிபிடியின் நவீன காலம் தொடங்குவது ஒரு சங்கடமான ஆய்வு முடிவிலிருந்துதான். நீல் ஜேக்கப்சனும் அவரது குழுவினரும் மனச்சோர்வுள்ள சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு பெக்கின் சிகிச்சை முழுமையாகக் கிடைத்தது. இன்னொன்றுக்கு அன்றாடச் செயல்களைக் கூட்டும் பயிற்சியும் மேலோட்டமான எண்ணங்களைச் சோதிப்பதும் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு எண்ணங்களைப் பற்றிய பேச்சே இல்லை, செயல் பயிற்சி மட்டும்தான். முடிவில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

அப்படியானால் எண்ணங்களைத் திருத்துவதுதான் குணப்படுத்துகிறது என்ற கொள்கை என்ன ஆவது? துறைக்குள் பெரிய விவாதம் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், இன்று தனிச் சிகிச்சையாகவே நிற்கும் ‘செயல்தூண்டல்’ முறை. இதன் வேர் 1970-களில் பீட்டர் லூயின்சன் செய்த பணிகளில் இருக்கிறது.

மனச்சோர்வு வந்தவர் முதலில் விடுவது, செய்தே ஆக வேண்டாதவற்றை: நண்பர்களோடு பேசுவது, பாட்டு, நடை. அப்புறம் செய்தே ஆக வேண்டியவையும் நழுவும். திறக்காத கடிதங்கள், எடுக்காத அழைப்புகள். செய்வது குறையக் குறைய மனதுக்கு இதம் தருவதும் குறைகிறது. செய்யாமல் விட்டவை குற்ற உணர்ச்சியாகச் சேருகின்றன. மனம் இன்னும் கீழே போகிறது. ‘மனசு சரியாகட்டும், அப்புறம் செய்கிறேன்’ என்று காத்திருந்தால் இந்தச் சுழலில் அந்த நாள் வருவதே இல்லை. அதனால் சிகிச்சை வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் செயல், பின்னால்தான் மனம்.

நடைமுறையில் இது இப்படி இருக்கும். முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அப்போது மனநிலை 0-விலிருந்து 10-க்குள் எவ்வளவு என்று எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்திருப்பார்கள். தாளில் படுக்கையில் கிடந்த மதியம் 1 என்றும், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு கால் மணி நேரம் இருந்தபோது 4 என்றும் இருக்கும். அந்த 4-ஐப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரத் திட்டம் போடுவார்கள். ‘உடற்பயிற்சி செய்’ என்ற பொதுவான கட்டளை அதில் இருக்காது. ‘செவ்வாய் காலை 7 மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவது’ என்ற அளவுக்குச் சின்னதாக, திட்டவட்டமாக இருக்கும். மனம் இருக்கிறதோ இல்லையோ, நேரம் வந்தால் செய்வது என்பதுதான் ஒப்பந்தம்.

2016-இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஆய்வில், குறைந்த பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயல்தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த முழு சிபிடிக்குச் சற்றும் குறையவில்லை. செலவும் குறைவு. மனநல நிபுணர்கள் குறைவாக இருக்கும் நாடுகளுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர், முன்பு மனநலப் பயிற்சி எதுவும் பெறாத சாதாரண மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் செயல்தூண்டலை மையமாகக் கொண்ட சிகிச்சை அளித்தார்கள். அது பலன் தந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். நவீன சிபிடியில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

பயத்துக்கு முன்னால் நிற்பது

பயமும் பதற்றமும் உள்ளவர்களுக்கு, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதுதான் நெடுநாளைய வழி. ‘பயம் குறையும் வரை அங்கேயே நில்லுங்கள், பழகிவிடும்’ என்பது பழைய விளக்கம். மிஷெல் கிராஸ்கே போன்றவர்களின் ஆய்வுகள் இதை மாற்றின. பழைய பயம் அழிவதில்லை; அதன் பக்கத்தில் ‘நான் நினைத்தது நடக்கவில்லை’ என்ற புதிய பாடம் ஒன்று பதிகிறது. அந்தப் புதிய பாடம் பழையதை முந்திக்கொண்டு நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே சந்திப்பு முடிவதற்குள் பயம் இறங்கியதா என்பது இப்போது முக்கியமில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதே முக்கியம். பாடம் ஒரே அறையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு ஆட்களோடு செய்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

நாலு பேர் முன்னால் பேசவே அஞ்சும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இப்படி ஓர் உரையாடல் நடக்கும்.

‘பேசினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?’

‘கை நடுங்கும். எல்லாரும் அதையே பார்ப்பார்கள். முட்டாள் என்று நினைப்பார்கள்.’

‘எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள்?’

‘90.’

‘நடுக்கம் தெரியாமல் இருக்க என்ன செய்வீர்கள்?’

‘கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பேன். சொல்லப்போவதை முன்கூட்டியே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். யார் கண்ணையும் பார்க்க மாட்டேன்.’

கோப்பையை இறுக்குவது, ஒத்திகை பார்ப்பது, கண்ணைத் தாழ்த்துவது எல்லாமே பாதுகாப்பு நடத்தைகள். பார்க்க நிதானமான ஏற்பாடுகள் மாதிரி இருந்தாலும் பயத்தை உயிரோடு வைத்திருப்பவை இவைதான். பேச்சு நன்றாகப் போனாலும் ‘கோப்பையை இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்’ என்றே மனம் கணக்கு எழுதும். டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்சும் 1995-இல் முன்வைத்த மாதிரியை ஒட்டி, சிகிச்சையாளர் ஒரு சோதனை வைப்பார். புதியவர் ஒருவரோடு 5 நிமிடம் இரண்டு முறை பேச வேண்டும். முதல் முறை வழக்கமான பாதுகாப்புகள் எல்லாவற்றோடும். இரண்டாம் முறை அவை எதுவும் இல்லாமல், கவனத்தைத் தன் கையிலிருந்து எடுத்து எதிரில் இருப்பவர் சொல்வதில் வைத்து. பிறகு இரண்டையும் வீடியோவில் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு முன்பு, ‘திரையில் கை எவ்வளவு நடுங்கும்? செய்து காட்டுங்கள்’ என்று கேட்பார் சிகிச்சையாளர். அவர் காட்டும் நடுக்கத்துக்கும் திரையில் தெரிவதற்கும் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்கும். பாதுகாப்புகளோடு பேசிய முதல் முறையில்தான் விறைப்பாக, ஒட்டாதவர் மாதிரித் தெரிந்திருப்பார். ‘நீங்கள் நன்றாகத்தான் பேசுகிறீர்கள்’ என்று யாரும் ஆறுதல் சொல்லவே தேவையில்லை.

திடீர் பீதிக்கும் இதே தர்க்கம்தான். நெஞ்சு படபடப்பதை ‘மாரடைப்பு’ என்று மனம் படிக்கிறது. அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது. இதயத்தில் கோளாறு இல்லை என்று மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகு, சிகிச்சை அறையிலேயே நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள். அஞ்சிய அதே உணர்வுகள் வந்து, எதுவும் ஆகாமல் அடங்கும். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோயான ஓசிடியில், அழுக்கு என்று தோன்றும் பொருளைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் இருக்கப் பயிற்சி கொடுக்கும் முறையை 1966-இலேயே விக்டர் மேயர் பதிவு செய்திருக்கிறார். இன்றும் ஓசிடிக்கு முதன்மையான உளவியல் சிகிச்சை அதன் வளர்ந்த வடிவம்தான்.

எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல்

ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள் என்று சொன்னால், கரடிதான் முதலில் வந்து நிற்கும். டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இது. அடக்க முயன்றவர்களுக்குப் பின்னால் அந்த நினைவு இன்னும் அதிகமாகவே வந்தது. அப்படியானால் வேதனையான எண்ணங்களைத் துரத்துவதும் ஒருவகைத் தவிர்த்தல்தான், வெளியில் தெரியாமல் உள்ளுக்குள் நடக்கும் தவிர்த்தல். நடத்தைப் பக்கம் முதல் அலை, எண்ணப் பக்கம் இரண்டாவது என்று வைத்து, ஸ்டீவன் ஹேஸ் 2004-இல் ‘மூன்றாவது அலை’ என்று பெயரிட்ட சிகிச்சைகள் இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன.

ஹேஸின் ஏற்பு மற்றும் உறுதிப்பாட்டுச் சிகிச்சையில், ‘நான் தகுதியற்றவன்’ என்ற எண்ணம் உண்மையா பொய்யா என்று வாதாட மாட்டார்கள். ‘நான் தகுதியற்றவன் என்ற எண்ணம் இப்போது வருகிறது’ என்று சொல்லிப் பார்க்கச் சொல்வார்கள். இப்போதே மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுவது தெரியும். எண்ணம் இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு எது முக்கியமோ அந்தத் திசையில் இன்று ஒரு அடி எடுத்து வைக்க முடியுமா என்பதே இங்கே கேள்வி.

மார்ஷா லினஹன் வேறு வாசல் வழியாக வந்தார். தொடர்ந்து தற்கொலைக்கு முயலும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பெண்களுக்கு வழக்கமான முறைகளைக் கொடுத்துப் பார்த்தார். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்றே கேட்டபோது, தங்கள் வலியை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று அவர்கள் கொதித்தார்கள். வெறுமனே ஆதரவாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் மாறவில்லை. ‘நீங்கள் உங்களால் முடிந்ததைத்தான் செய்கிறீர்கள், ஆனாலும் மாறித்தான் ஆக வேண்டும்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் சிகிச்சையை அவர் கட்டினார். டிபிடி (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) எனப்படும் அதன் முதல் பெரிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. கவனம், தாங்கும் திறன், உணர்ச்சிகளைக் கையாளுதல், மனிதர்களோடு பழகுதல் என்று திறன்களை வகுப்பு மாதிரியே நடத்துவார்கள். இளம் வயதில் தாமும் இதே நிலையில் மருத்துவமனையில் இருந்ததாக லினஹன் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக சிகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவரும் 8 வாரக் குழுப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். அந்தந்த நொடியில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னஸ் தியானமும் சிபிடியும் சேர்ந்த முறை. 2000-இல் வெளிவந்த முதல் ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வு வந்தவர்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் 37 சதவீதம். இரண்டு முறை மட்டுமே வந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ‘அலை’ப் பேச்சில் கொஞ்சம் மிகை உண்டு என்பது என் கருத்து. எண்ணத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது பெக்கின் முறையிலும் இருந்தது. நேருக்கு நேர் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் புதியவை பழையதைவிடப் பெரிதாக ஜெயித்துவிடவில்லை. அதனால் இன்று பலர் முத்திரைகளைத் தாண்டிப் போகிறார்கள். டேவிட் பார்லோவின் ஒருங்கிணைந்த முறை, பதற்றம், மனச்சோர்வு என்று தனித்தனிக் கையேடுகள் வைக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவான சில திறன்களையே கற்றுத்தருகிறது.

தூக்கத்துக்கு ஒரு கணக்கு

நவீன சிபிடியில் மிகக் குறைவாக அறியப்பட்ட நல்ல சிகிச்சை தூக்கமின்மைக்கானது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. இதில் ஒரு பகுதி கேட்கவே விசித்திரமாக இருக்கும்: தூங்காதவரைப் படுக்கையில் குறைவான நேரம் இருக்கச் சொல்வது.

ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறார். 8 மணி நேரத்தில் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். எழும் நேரத்தை 6 என்றே வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை 12.30 ஆக்குவார்கள். பகல் தூக்கம் கிடையாது. முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கப் பசி சேர்ந்து, படுத்ததும் தூங்கத் தொடங்குவார். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85, 90 சதவீதம் தூக்கமாக மாறியதும், வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டிக்கொண்டே போவார்கள். ‘இன்றைக்காவது தூங்கிவிட வேண்டும்’ என்று சீக்கிரமே போய்ப் படுப்பதும் ஒரு பாதுகாப்பு நடத்தைதான். அதை எடுத்தால் சுழல் உடைகிறது. வலிப்பு நோய், மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருமுனைக் கோளாறு ஆகியவை உள்ளவர்களும், வண்டி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும் இதைத் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

இணையம், எல்லைகள், முதல் சந்திப்பு

சிபிடியை இணையம் வழியாகப் பாடங்களாகக் கொடுப்பதில் ஸ்வீடன் முன்னோடி. வாரம் ஒரு முறை சிகிச்சையாளர் ஒருவர் உங்கள் பயிற்சிகளைப் படித்துப் பதில் எழுதும் திட்டங்கள், பதற்றத்திலும் மிதமான மனச்சோர்விலும் நன்றாகவே பலன் தருகின்றன. மனிதத் துணை இல்லாத செயலிகளில் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். செயலியைப் பயன்படுத்துவதென்றால், அதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

சிபிடி எல்லாருக்கும் பலிப்பதில்லை. கணிசமானவர்களுக்கு ஓரளவே குறைகிறது, சிலருக்குக் குறைவதே இல்லை. கடுமையான மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்றவற்றில் மருந்தும் மனநல மருத்துவரும் அவசியம். சிபிடி அவற்றோடு சேர்ந்து நிற்கும். இன்னொன்று: எல்லா வேதனை எண்ணமும் கோணல் எண்ணம் அல்ல. வீட்டில் அடி வாங்குபவர் ‘எனக்குப் பாதுகாப்பில்லை’ என்று நினைத்தால் அது உண்மை. அங்கே திருத்த வேண்டியது நிலைமையை. நல்ல சிகிச்சையாளர் எண்ணப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, பாதுகாப்பான இடத்துக்கு எப்படிப் போவது என்றுதான் பேசுவார்.

பொதுவாக வாரம் ஒரு சந்திப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம் போல, மொத்தம் 12 முதல் 20 சந்திப்புகள். முதல் நாளே மூன்று விஷயம் கேளுங்கள்: என் பிரச்சினைக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? சந்திப்புகளுக்கு இடையில் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்? முன்னேற்றத்தை எப்படி அளப்போம்? வாரங்கள் பல ஓடியும் பேச்சு மட்டுமே நடக்கிறது, நீங்கள் தவிர்த்து வந்ததை ஒரு முறைகூடச் செய்து பார்க்கவில்லை என்றால், அதை அவரிடமே எடுத்துச் சொல்லலாம், தவறே இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மட்டும் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒரு மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு.